பெட்டிக்குள் இருந்தால் மாதவரம்

எங்கள் ஆபீஸ் ஓர் இரும்புப் பெட்டி. கப்பலில் சரக்கு ஏற்றும் கன்டெய்னர்தான். கடலுக்கு இனி லாயக்கில்லை என்று ஒதுக்கிய ஒன்றை வாங்கி, பக்கவாட்டில் கதவும் ஜன்னலும் வெட்டி, ஏசி மாட்டி, உள்ளே ஒரு மேஜையைப் போட்டுவிட்டார்கள். காலி கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் யார்டு அது. எந்தப் பெட்டி உள்ளே வந்தது, எது வெளியே போனது, எதில் ஓட்டை, எதில் துரு என்று வாசலில் சரிபார்த்துப் பதிவு செய்வது என் வேலை. பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிழைப்பு என்று என் மனைவி கேலி செய்வாள். அந்தக் கேலி எனக்குப் பிடிக்கும், ஆனால் பிடிக்காத மாதிரிதான் முகத்தை வைத்துக்கொள்வேன்.

இதை இடது கைக் கட்டைவிரலால் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். வலது கை மடியில் கிடக்கிறது, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன சாமான் மாதிரி. சொற்கள் எல்லாம் தலைக்குள் பத்திரமாக இருக்கின்றன. நாக்கும் உதடும்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் நான் பேசுவதைப் புரிந்துகொண்டதாகப் பாவனை செய்து தலையாட்டுகிறார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தால் எரிச்சலாக வரும். ஆகையால் எழுதுகிறேன்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் விழுந்து கிடந்த அன்று ஆம்புலன்ஸ் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுத் திரும்பிப் போனது என்பது எனக்குத் தெரியும். என் மனைவிக்கு அது தெரியக் கூடாது. இந்த வீட்டில் இப்போது நான் காவல் காப்பது அந்த ஒன்றைத்தான்.

யார்டு முதலில் மாதவரத்தில் இருந்தது. இடத்தின் குத்தகை முடிந்ததும் எண்ணூர் பக்கம் மாறினோம். மாறுவது என்றால் எங்களுக்குப் பெரிய வேலை கிடையாது. கன்டெய்னர்களைத் தூக்கி அடுக்கும் ஸ்டேக்கர் வண்டி வந்து ஆபீஸ் பெட்டியை அலாக்காகத் தூக்கி டிரெய்லரில் வைத்தது. மேஜை, நாற்காலி, ஏசி, சுவரில் மாட்டியிருந்த மாதா படம், வைஃபை டப்பா எல்லாம் உள்ளேயே இருந்தபடி ஊர்வலம் போயின. காலையில் மாதவரத்தில் டீ குடித்த அதே நாற்காலியில் சாயங்காலம் எண்ணூரில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

இரும்புப் பெட்டிக்குள் டவர் எடுக்காது. போன் பேச வேண்டுமென்றால் வெயிலில் இறங்கி நிற்க வேண்டும். அதற்காகத்தான் சிம் போட்ட வைஃபை டப்பா ஒன்றைச் சுவரில் திருகி, அதன் ஆன்டெனாவைக் கூரைக்கு வெளியே நீட்டியிருந்தார்கள். உள்ளே இருக்கும்போது போன் கால்கூட அந்த வைஃபை வழியாகத்தான் போகும், வரும். நாங்கள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. பேச முடிந்தது, அது போதும்.

என் மனைவி ராயபுரத்தில் சர்ச்சுக்கு எதிர்ச் சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். எண்ணூர் சாலையில் டிரெய்லர்களுக்கு நடுவே நான் டூ வீலரில் போய் வருவது அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சாலையில் டிரெய்லரும் டூ வீலரும் உரசினால் யார் வீட்டுக்குப் போவார், யார் போகமாட்டார் என்று ராயபுரத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் நான் எங்கே இருக்கிறேன் என்பது அவள் போன் வரைபடத்தில் எப்போதும் தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னாள். வைத்தேன். ஜெராக்ஸ் எடுக்கும் இடைவெளியில் என்னைப் பார்த்துக்கொள்வாள்.

எண்ணூருக்கு வந்த முதல் வாரமே அவளிடமிருந்து போன் வந்தது.

"இன்னாய்யா, எங்க கீற?"

"யார்டுலதாம்மே."

"எண்ணூர்லயா?"

"பின்ன?"

"போனு மாதவரம்னு காட்டுது. மாதவரத்துல எவ கீறா?"

நான் பேசிக்கொண்டே கதவைத் திறந்து வெளியே வந்தேன். வெயிலில் நின்று, நிலக்கரித் தூசியில் இருமிக்கொண்டே, யார்டில்தான் இருக்கிறேன் என்று மாதா மேல் சத்தியம் செய்தேன்.

"இப்ப எண்ணூர்னு காட்டுதுய்யா," என்றாள். "அதுக்குள்ள எப்டி வந்த? பறந்துகினு வந்தியா?"

யார்டில் கேமரா மாட்ட வந்தவரிடம் இதைக் கேட்டேன். அவர் ஏணியில் நின்றபடி விளக்கினார். பெட்டிக்குள்ளே போனுக்கு வானம் தெரியாது, டவரும் தெரியாது. பக்கத்தில் எந்த வைஃபை இருக்கிறது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்த வைஃபை மாதவரத்தில் இருப்பதாக எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் எப்போதோ குறித்து வைத்திருக்கிறது. டப்பா இடம் மாறியது அதற்குத் தெரியாது. வெளியே வந்தால் போன் வானத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும்.

"போவப் போவ அதுவே சரியாயிடும் சார்," என்றார். "ஆனா அதுவரைக்கும் உசாரு. உள்ள இருந்துகினு அவசரத்துக்கு ஆம்புலன்ஸுக்கு அடிச்சீங்கன்னு வெச்சிக்கோங்க, அவங்களுக்கும் இதே மாதவரம்தான் போவும்."

நான் அப்போது சிரித்தேன். வீட்டில் வந்து சொன்னதும் அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அது எங்கள் இரண்டு பேருக்குமான பாஷையாகிவிட்டது. பெட்டிக்குள் இருந்தால் மாதவரம், வெளியே வந்தால் எண்ணூர். நான் ஏசியில் இருக்கிறேனா, வெயிலில் அலைகிறேனா என்று அவளுக்கு ராயபுரத்திலிருந்தே தெரிந்துவிடும். மதியம் போன் செய்து, "இன்னும் மாதவரத்துலயே குந்திகினு கீறியா? எண்ணூருக்கு வந்து சோறு துன்னு," என்பாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்கு வருவேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்களுக்குள் அப்படி ஒரு விளையாட்டு இருந்ததே இல்லை. ஒரு பழுதான டப்பா கொடுத்த சந்தோஷம் அது.

ஆனால் ஏணிக்காரர் சொன்ன பின்பகுதி மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. போனின் பவர் பட்டனைத் தொடர்ந்து அழுத்தினால் அவசர எண்ணுக்குத் தானாகக் கால் போகும்படியும், அவளுக்கு ஒரு செய்தி போகும்படியும் வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவளை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். எனக்கு ஏதாவது என்று செய்தி வந்தால் உடனே நீயும் ஆம்புலன்ஸுக்கு அடி. மாதவரம் என்று சொல்வார்கள், நம்பாதே. எண்ணூர் என்று அடித்துச் சொல். யார்டுக்குப் போகும் வழியைச் சொல். சொல்லு பார்ப்போம்.

அவள் சலித்துக்கொண்டே ஒப்பித்தாள். நான் திரும்பச் சொல்லச் சொன்னேன்.

"சரிய்யா, பேஜாரு பண்ணாத," என்றாள். "எது ஆனாலும் எண்ணூர்லதான் ஆவும்னு வேணா எழுதி குடுத்துட்டு போ."

இதற்குமேல் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாள் காலையில் யார்டு மேனேஜர் வந்து, மாதவரத்து இடம் மறுபடி கிடைத்துவிட்டது, ஆபீஸ் பெட்டியை இன்றைக்கே அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்றார். மற்ற பெட்டிகள் பின்னால் வருமாம். அவர் வைத்ததுதான் சட்டம். ஸ்டேக்கர் வந்தது, ஆபீஸை அலாக்காகத் தூக்கியது, டிரெய்லரில் வைத்தது. மணலி வழியாக டிரெய்லருக்குப் பின்னால் நான் வண்டியில் போனேன்.

மனைவிக்குச் சொல்லவில்லை. மறைக்க எதுவும் இல்லை. மதியம் அவள் வழக்கம்போல் போன் செய்து இன்னும் மாதவரத்திலேயே குந்தியிருக்கிறாயா என்று கேட்பாள். ஆமாம்மே, இன்னைக்கு உன் போன் நிஜம் பேசுது என்று சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

மாதவரத்து இடம் புல் மண்டிக் கிடந்தது. வாடகைக் கிரேன் ஒன்று பெட்டியை இறக்கி வைத்ததும் அதுவும் டிரெய்லரும் கிளம்பிப் போயின. எலக்ட்ரீஷியன் பழைய கம்பத்திலிருந்து ஏதோ ஒயரை இழுத்துக் கொடுத்துவிட்டு, முறையான இணைப்பை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார். ஏசி ஓடியது. வைஃபை டப்பாவில் விளக்கு எரிந்தது. வாசல் கேட்டைச் சாத்திவிட்டு வந்து, ஆட்டத்தில் கலைந்துபோனதையெல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தேன். கண்டவன் லாரியை உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிடுவான் என்றுதான் கேட்டைச் சாத்தினேன்.

மாதா படத்தை நேராக்கக் கை தூக்கினேன். கை எழவில்லை. எழவில்லை என்பது எனக்கே புரிவதற்குள் தரையில் கிடந்தேன். வலி எதுவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பாதி உடம்பு அங்கே இருப்பதே தெரியவில்லை. போன் சட்டைப்பையில் இருந்தது. இடது கையால் எடுத்து, பட்டனை அழுத்து அழுத்து என்று அழுத்தினேன்.

ஒரு பெண் குரல் கேட்டது. எங்கே இருக்கிறீர்கள் என்றது. மாதவரம் என்று சொன்னேன். என் காதுக்கே அது மாதவரம் என்று கேட்கவில்லை.

"சார், இங்க மாதவரம்னு காட்டுது. அங்கதான் இருக்கீங்களா? பேச முடியலைன்னா ஏதாவது சத்தம் குடுங்க சார்."

எனக்கு அந்தப் பெண்ணைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தேன். அப்போது படக்கென்று ஏசி நின்றது. விளக்கு அணைந்தது. எலக்ட்ரீஷியன் இழுத்துவிட்டுப் போன ஒயர் ஆடிய ஆட்டம் அவ்வளவுதான். வைஃபை டப்பாவும் போய்விட்டது. போனைப் பார்த்தேன். டவர் இல்லை. இரும்புப் பெட்டிக்குள் எப்போது டவர் இருந்தது?

அந்த நேரத்தில் ராயபுரத்தில் நடந்தது பிற்பாடு அவள் சொல்லித் தெரிந்தது. செய்தி வந்தவுடன் அவள் ஜெராக்ஸ் மெஷினை அப்படியே விட்டுவிட்டு எனக்கு அடித்திருக்கிறாள். போன் போகவில்லை. உடனே ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அடித்திருக்கிறாள். அந்த நம்பரிலிருந்து ஏற்கெனவே ஒரு கால் வந்தது, மாதவரத்துக்கு வண்டி அனுப்பிவிட்டோம், நாங்களும் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தோம் கிடைக்கவில்லை என்றிருக்கிறார்கள்.

"அய்யோ மேடம், அது பொய்யி," என்று கத்தியிருக்கிறாள். "அந்த போனு எப்பவும் அப்டித்தான் காட்டும். வைஃபை டப்பாவால வர்ற கோளாறு அது. அவரு எண்ணூர்ல கீறாரு மேடம். எண்ணூர் யார்டு. நான் அவரு பொண்டாட்டி சொல்றேன், வண்டிய திருப்புங்க."

நான் சொல்லிக் கொடுத்தபடியே, ஒரு சொல் மாறாமல் சொல்லியிருக்கிறாள். வழியையும் சொல்லியிருக்கிறாள். இவ்வளவு தெளிவாக ஒரு மனைவி சொல்லும்போது யார்தான் நம்பமாட்டார்கள்? அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் அரையிருட்டில் கிடந்தேன். ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்தில் தூசி பறந்தது. பெட்டி சூடாகத் தொடங்கியது. அப்போது சைரன் கேட்டது. லாரிகள் ஹாரன் அடிக்கும் மெயின் ரோட்டிலிருந்து அது எங்கள் சந்துக்குள் திரும்பியது தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில், இன்னும் பக்கத்தில் வந்தது. எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றது. வண்டிக் கதவு திறக்கும் சத்தம்கூடக் கேட்டது. சாத்திய கேட்டு, புல் மண்டிய இடம். ஆள் இருக்கிற இடமாக அவர்களுக்குத் தெரிந்திருக்காது. யாரோ போனில் பேசினார்கள். "எண்ணூரா?" என்று ஓர் ஆண் குரல் கேட்டது. பிறகு கதவு மூடியது. வண்டி பின்னால் எடுக்கும்போது அடிக்கும் பீப் பீப் சத்தம். அதற்குப் பிறகு சைரன் மறுபடி தொடங்கி, சிறிது சிறிதாகத் தேய்ந்துபோனது.

இடது காலால் பெட்டியின் சுவரை உதைத்தேன். உதைத்தேன் என்று நினைத்தேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. அழுதேன். அது மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் வந்தது.

அவள் ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர் நெரிசலையெல்லாம் தாண்டி எண்ணூர் யார்டுக்குப் போனபோது, ஆம்புலன்ஸும் மணலி வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு தரப்பும் ஒன்றாக உள்ளே ஓடியிருக்கின்றன. ஆபீஸ் பெட்டி இருந்த இடத்தில் பெட்டியின் அளவுக்கு வெளுத்த மண் மட்டும் கிடந்திருக்கிறது. வாட்ச்மேன் வந்து, "பெட்டி காலையிலயே மாதவரம் பூட்ச்சேம்மா, சாரும் கூடவே போனாரே, உனக்கு சொல்லலியா?" என்றிருக்கிறார். அந்த வெளுத்த மண்ணின் மேல் அவள் உட்கார்ந்துவிட்டாளாம். இதை வாட்ச்மேன்தான் சொன்னார். அவள் இதுவரை சொன்னதில்லை.

மாதவரத்துக்கு வேறு வண்டி அனுப்பினார்கள். அவர்கள் கேட்டைத் திறந்து உள்ளே வந்து என்னைத் தூக்கியபோது, ஜன்னல் வெளிச்சம் சுவரில் வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் ஊசி போட்டுக் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். கட்டில் ஓரத்தில் அவள் நின்றிருந்தாள். டாக்டருக்கு ஒன்றும் தெரியாது பாவம், எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னார். நான் அவர் கழுத்தை நெரிக்க நினைத்தேன். நெரிக்க ஒரு கைதான் இருந்தது.

அவள் ஜெராக்ஸ் கடை வேலையை விட்டுவிட்டாள். என்னைக் குளிப்பாட்டுகிறாள், ஊட்டுகிறாள், தேய்த்துவிடுகிறாள். கேலி பேசுவதில்லை. கேலி பேசாத அவளோடு எனக்குப் பழக்கமில்லை. அது உன் தப்பில்லை, சொல்லிக் கொடுத்தவன் நான் என்று போனில் தட்டிக் காட்டினேன். படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். சொந்தக்காரர்கள் வந்தால் மேனேஜரைத் திட்டுவார்கள், போன் கம்பெனியைத் திட்டுவார்கள். அவள் காபி கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவள் விடவில்லை. அந்த வண்டி எதுவரைக்கும் வந்து திரும்பியது என்று எல்லோரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தாள். பாதி வழியிலேயே திரும்பிவிட்டோம் என்று அன்றே வண்டிக்காரர் அவளிடம் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர்.

"அந்த ஆளு என் மூஞ்ச பாத்து சொல்லல," என்றாள் என்னிடம் ஒரு நாள்.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. எப்படியும் என்னிடம் கேட்பாள் என்று தெரிந்துவிட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வாரம் தவறாமல் வருகிறது. பழம், படம், பம்பரம் என்று சொல்லச் சொல்கிறது. அது போன பிறகு, மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில், நான் என்னுடைய பாடத்தைத் தனியாகப் படித்தேன். கேக்கல. எனக்கு ஒண்ணும் கேக்கல. ‘க’ தொண்டையில் சிக்கும். ‘ல’வுக்கு நாக்கு எழாது. எச்சில் வழியும். துடைத்துக்கொண்டு மறுபடி சொல்வேன். போனில் தட்டிக் காட்டினால் போதாது. கட்டைவிரல் பொய் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும்.

போன வாரம் மதியம் அவள் எனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் ஓர் ஆம்புலன்ஸ் போனது. எங்கள் தெரு குறுகல், சைரன் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போகிற மாதிரி இருக்கும். ஸ்பூன் பாதியில் நின்றது. சத்தம் முழுவதும் தேய்ந்து போகும்வரை அவள் அசையவில்லை.

"அன்னிக்கு பொட்டிக்குள்ள," என்றாள். "இந்த சத்தம் உனக்கு கேட்டுச்சாய்யா?"

நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"கேக்கல. எனக்கு ஒண்ணும் கேக்கல."

ஓர் எழுத்து குளறவில்லை. விழுந்த நாளிலிருந்து நான் இவ்வளவு சுத்தமாக எதுவும் பேசியதில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

"தண்ணி வோணும்னு கேக்க உனக்கு வாய் கோணிகினு போவுது," என்றாள். "இத்த மட்டும் எத்தினி நாளா சொல்லி பாத்துகினு இருந்த?"